கத்திரிக்காய் அடித்த மணி

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் நானும் தங்கையும் லேப்டாப்பைக் கட்டிலில் வைத்து விளையாட உட்காருவோம். யாரோ ஒருவர் தனியாக இரண்டு நாளில் செய்து இணையத்தில் போட்டுவிடுகிற பத்து நிமிடக் கிறுக்குத்தனங்கள்தான் எங்களுக்குப் பிடிக்கும். ஒன்றில் புறா வேலைக்கான நேர்காணலுக்குப் போகும். எனக்கு நாற்பத்தாறு வயது, வங்கியில் அதிகாரி. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

போன மழைக்காலத்தில் தங்கை புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். கால் முளைத்த கத்திரிக்காய் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு வீட்டிலும் மணி அடித்துவிட்டு, ஆள் வருவதற்குள் ஓடிவிட வேண்டும். முதல் மாடியில் நாய் துரத்தியது. சிரித்துக்கொண்டே ஏறினோம்.

சிவப்புத் தரை, கறுப்பு ஓரம் வைத்த படிகள். நாங்கள் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பக்கத்தில் பழைய வீடுகள் பலவும் அப்படித்தான். ஆனால் இரண்டாம் மாடிக் கதவின் முன்னால் கோலம் போட்டிருந்தது. எதிரே கைப்பிடியில் ஒரு கம்பி வளைந்திருந்தது. எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். வளைந்த அந்தக் கம்பியும் எங்கள் வாசலுக்கு எதிரேதான் இருக்கிறது.

"அக்கா, இது நம்ம வீடு," என்றாள் தங்கை.

எங்கள் கதவில் மணி அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறி அங்கே அடித்தாள். உள்ளேயிருந்து "கே?" என்று ஒரு குரல் கேட்டது. வங்காளத்தில் 'யார்?' என்று. எங்கள் தலைக்கு மேல் வீட்டில் இருந்தவரின் குரல். சித்தப்பா முறை வைத்து மெஷோமஷாய் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். அதன்பிறகு அந்த வீடு பூட்டித்தான் கிடந்தது.

தங்கை விசையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். செருப்புச் சத்தம், ஒரு காலை இழுத்து இழுத்து, கதவை நோக்கி வந்தது. தாழ்ப்பாள் அசைந்தது. நான் லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். அதன்பிறகும் செருப்பு இரண்டு அடி வைத்தது.

"அது இதுலேர்ந்துதானே வந்துது?" என்று கேட்டாள் தங்கை. மூடியதும் லேப்டாப் உடனே அடங்காது என்று சொன்னேன். சொல்லும்போதே மேலே பார்த்துவிட்டேன்.

புனேயில் இருக்கும் அவர் மகளுக்கு ஃபோன் செய்தோம். அந்த விளையாட்டை அவள்தான் செய்திருந்தாள், ஏதோ போட்டிக்காக. நாங்கள் பார்த்ததில் அவளுக்கு சந்தோஷம். குரல், பழைய வாய்ஸ் மெசேஜில் இருந்ததாம். அப்பாவின் செருப்பைக் கையோடு கொண்டுபோய், போட்டு நடந்து பதிவு செய்தாளாம்.

"பாபா கதவைத் திறக்கறவரைக்கும் நின்னீங்களா, தீதி?" என்று அக்கா முறை வைத்து வங்காளத்தில் கேட்டாள்.

இல்லை என்றேன். விளையாடியவர்கள் எல்லோரும் ஓடிவிடுகிறார்கள் என்றாள். அடுத்த வாரம் நாங்கள் ஓடாமல் நின்றோம். கதவு திறந்தது. அறையில் மின்விசிறி சுற்றியது, நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. முகத்தை வரைய அவளால் முடியவில்லை போலும். செருப்புச் சத்தம் மட்டும் திரும்பி உள்ளே போனது. கத்திரிக்காய் வாசலிலேயே நின்றது.

மாதம் ஒருமுறை ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லி அவள் எங்களிடம் சாவி கொடுத்திருந்தாள். மழை, அலுப்பு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் ஏறினோம். நான் சாவியைத் தேடுவதற்குள் தங்கை பழக்கத்தில் மணியை அழுத்திவிட்டாள். உள்ளே மெயின் சுவிட்ச் அணைத்துக் கிடந்ததால் சத்தமே வரவில்லை.

இருந்தாலும், ஒருவர் நடந்து வந்து கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றோம். பிறகுதான் பூட்டைத் திறந்தேன்.