ஆடாத ஆணி

சாந்தோம் சந்தொன்றில் மடக்குக் கத்தி செய்துவந்த ஆரோக்கியநாதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்தி மடங்கித் திறக்கிற இடத்தில் பித்தளை ஆணிதான் போடுவார். உப்புக்காற்றுக்கு அது துருப்பிடிக்காது. ஆனால் தேயும், கத்தி ஆடும்; கொண்டுவந்தால் தட்டி இறுக்கித் தருவார்.

எழுபத்துமூன்றாம் வருஷம் சித்திரையில் கட்டுமரக்காரன் கபிரியேல் நாலாவது தடவையாக வந்தான்.

"இன்னா நைனா, மறுபடியும் ஆடுது. நீ கத்தி செய்றியா, ஊஞ்சல் செய்றியா?"

அவருக்குச் சுருக்கென்றது. பித்தளையைத் தட்டி எறிந்துவிட்டு ஓர் இரும்பாணியை அறைந்து இறுக்கினார்.

"இந்தா, உன் ஆயுசுக்கும் ஆடாது. இனிமே இந்தப் பக்கம் மூஞ்சியக் காட்டாதே!"

ஐப்பசியில் அதே கத்தியோடு கபிரியேல் வந்து நின்றான். இடது கையில் இரண்டு விரலைக் காணோம்.

"வலைக்கயிறு விரலைச் சுத்தி இழுத்துகினு போச்சு. அறுக்கலாம்னு கத்தியப் பல்லால கடிச்சு இழுத்தேன், தொறக்கல."

ஆரோக்கியநாதன் கத்தியைப் பிடுங்கிப் பார்த்தார். ஆணி துருவேறி இறுகிக் கிடந்தது. ரத்தம் தலைக்கேறியது.

"கடல்ல போற கத்திக்கு எந்த மடப்பயல்டா இரும்பைப் போட்டான்?"

"நீதான் நைனா," என்றான் கபிரியேல். "சொன்ன மாதிரியே ஆடல."