மரை படுத்த புல்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் மிருக டாக்டரும் அவருடைய உதவியாளான நானும் மாட்டுக்காரி மாரியாயி அக்காவும் நிற்கிறோம். அக்காவின் கணவர் ஹட்டனுக்குப் போயிருக்கிறார். மரை என்னும் பெரிய காட்டு மானிடமிருந்து மாட்டுக்குக் காய்ச்சல் கொண்டுவரும் உண்ணியைத்தான் டாக்டர் ஆராய்கிறார். பசுவின் உடம்பிலோ மஞ்சளும் குங்குமமும்தான் இருக்கின்றன.

"உண்ணி எங்கம்மா?"

"டாக்டர் ஐயா வர்றீங்கன்னு காலையிலயே குளுப்பாட்டி, எல்லாத்தையும் புடுங்கி அடுப்புல போட்டுட்டேனுங்க!"

வெறுங்கையோடு ரயிலேறினால் ஆராய்ச்சி என்னாவது? டாக்டர் யோசித்து ஒரு வெள்ளைத் துணி கேட்கிறார். அக்கா கணவரின் வேட்டியைத் தருகிறார். லயத்துக்குப் பின்னால் மரை படுத்த புல்லின் மேல், ஆளுக்கொரு முனை பிடித்து அதை இழுக்கிறோம். வேட்டி நிறைய உண்ணி! டாக்டர் துள்ளிக் குதிக்கிறார்.

"இனி எங்க வீட்டுக்காரரு இதைக் கட்டுவாராங்க?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

அவருக்கு வாங்கிக் கொடுத்த புது வேட்டிக்கு எங்களுக்கு ஆன செலவு, அந்தக் காலத்து ஐந்து ரூபாய்.