என் இடக்கையைக் கட்டிப்போட்டவர்

திங்கட்கிழமை காலை தோட்ட அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தது. “அப்பா தவறிட்டாரு, அங்கிள்” என்றார் பேராசிரியர் தணிகாசலத்தின் மகன். அவரை அறிந்த உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? பக்கவாதத்தில் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதும், மனிதர் எப்படி அசைகிறார்கள் என்று ஆராய்வதுமாக முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். எங்கள் கோல சிலாங்கூர்த் தோட்டத்துக்கு வந்தால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் நின்றுகொண்டு, “அந்த மண்டோர் ஏன் இடது கால இழுக்குறாரு?” என்பார். பாவம், வேலையாட்களை மேய்க்கும் அந்த மண்டோர் அன்று முழுவதும் தம் காலையே பார்த்துக்கொண்டு நடப்பார்.

நானும் அவரிடம் மாட்டியவன்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன், தோட்டக் கணக்கு எழுதும் கிராணி நாற்காலியிலிருந்தே பக்கவாதம் வந்து சரிந்து விழுந்தேன். கால் ஒருவாறு திரும்பியது. வலக்கை விரல்கள் மட்டும் லேசாக மடங்கியதோடு சரி. இடக்கையால் உண்ண மனம் ஒப்பவில்லை. மனைவி பாக்கியம் ஊட்டினாள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து காட்டவா? விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமைதோறும் வந்த பேராசிரியர், என் இடக்கையைத் துண்டால் இடுப்போடு கட்டினார். “இந்தக் கை ரொம்ப நல்லவன். அதனாலதான் அந்தக் கை சோம்பேறியாயிடுச்சு. அம்மா, இனிமே ஊட்டாதீங்க.”

“பட்டினி போட்டுக் கொல்லப் பாக்குறாரா உங்க புரொபசர்?” என்று பாக்கியம் கொதித்தாள். அவர் கார் கிளம்பியதும் கதவைச் சாத்தி ஊட்டினாள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம், “சாப்பிட்டாச்சா கிராணியாரே?” என்றார்.

“இப்பதான் சார். மீன் குழம்பு. நானேதான் சாப்பிட்டேன்.”

என் வலக்கையைப் புரட்டிப் பார்த்தார். “விரல்ல மஞ்சளே காணோமே. உங்க வீட்டு மீன் குழம்பு வெள்ளைக் கலரா?” அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்து வீடுகளே எட்டிப் பார்த்தன. பிறகு பாக்கியத்திடம் மெதுவாகச் சொன்னார்: “அம்மா, நீங்க ஊட்டுற ஒவ்வொரு வாயும் அந்தக் கை செய்ய வேண்டிய வேலை.” அவள் அழுதுவிட்டாள். அதன்பின் ஊட்டவே இல்லை. கோபத்தில் ஒருநாள் தட்டையே தள்ளிவிட்டேன். அப்போதும் ஊட்டவில்லை, ராட்சசி!

ஏழு மாதம் கழித்துத் தஞ்சோங் காராங்கில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான், வரவில்லை என்று சாதித்தேன். பேராசிரியரே வந்து காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கை நடுங்க நடுங்கச் சாப்பிட்டேன். சாம்பார் முழங்கை வரை வழிந்தது. எதிர்வரிசை முழுக்க என்னையே பார்த்தது. அவமானத்தில் எழுந்துவிடலாமா என்றிருந்தபோது அவர் உரக்கச் சொன்னார்: “போன மாசம் சட்டை வரைக்கும் போச்சு, இன்னிக்கு முழங்கையோட நின்னுடுச்சு. முன்னேற்றம்லா!” பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

அவர் எழுதிய ஆய்வுகள் பெரியவை என்கிறார்கள்; எனக்கு அதெல்லாம் புரியாது. என்னிடம் அவர் விட்டுப்போனது இந்த வலக்கைதான். செய்தி வந்த மறுநாள் அவர் வீட்டில், வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது வலக்கையால் அரிசியை அள்ளினேன்; பாதி சிந்தியது. பாக்கியம் பிடித்துவிட வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, நானே போட்டேன்.