வைன் தோட்டத்தில் எனக்கு ஆப்பிள் சாறு

இன்று எனக்கு ஓர் அநியாயம் நடந்தது. வைன் சுவைக்கக் கூட்டிப்போன இடத்தில், என்னைக் கேட்காமலே என் கிளாஸில் ஆப்பிள் சாறு ஊற்றினார்கள்.

செய்வித்தவள் என் மகள் ஸ்டெல்லா. பதிவு செய்யும்போதே "அப்பாவுக்குச் சாறு" என்று எழுதிவிட்டாள்.

நாங்கள் இருக்கும் சட்டன் ஊரிலிருந்து தோட்டம் சிறிது தூரம்தான். சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. இந்தக் குளிர் நாட்டில் இப்படி ஒரு காட்சியா என்று துள்ளிக்கொண்டு உள்ளே போனவனுக்குத்தான் சாறு.

"பிரஷர் குளிசை போடுறியள் எல்லோ, அப்பா," என்றாள்.

"ஞாயிறு பூசையில பாதர் தாற வைனை வாங்கிக் குடிக்கிறன். அப்ப உன்ர பிரஷர் எங்க போறது?"

மருமகன் சிரிப்பை அடக்க யன்னலைப் பார்த்தார். ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் வழக்கு விளங்கிவிட்டது. புதுக் கிளாஸில் ஒரு வாய் வைன் ஊற்றி, இரு கைகளாலும் என் முன்னால் நீட்டினாள்.

பழக்கதோஷம். தலை குனிந்து "ஆமென்" என்று சொல்லித்தான் வாங்கினேன்.

"ஐயோ அப்பா," என்றாள் ஸ்டெல்லா.

அந்தப் பெண் மட்டும் அமைதியாக "ஆமென்" என்றாள். வைன் புளித்து, நுரைத்து, பின் இனித்தது. எழுபத்தொரு வயதில் நாக்கு புதிதாகப் பிறந்தது போல இருந்தது. அதே தெருவில் இன்னும் இரண்டு தோட்டங்கள் இருக்கின்றனவாம்.

ஆகவே, ஸ்டெல்லா அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டையும் பதிய வேண்டும், என்னைக் கேட்டு. மருமகன் அன்றைக்கு ஷிப்ட் எடுக்கக் கூடாது. தகப்பன்மாரே, பிள்ளைகள் உங்கள் பெயரில் என்ன பதிந்திருக்கிறார்கள் என்று இன்றே பார்த்துக் கீழே எழுதுங்கள்.