அண்ணை அனுப்பிய ரொக் பாட்டு

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனிக்குப் போன என் அண்ணைக்குக் கடிதம் எழுதப் பஞ்சி. கசெற்றில் கதைத்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அந்த நாட்களில் எங்கள் புங்குடுதீவில் பல வீட்டுப் பிள்ளைகள் கசெற்றுக்குள் இருந்துதான் தாய்மாரோடு கதைத்தார்கள்.

அப்படி வந்த ஒன்றில் சுகம் விசாரித்து, குளிரைத் திட்டி, சோறு காய்ச்சப் பழகிவிட்டதாகப் பெருமையடித்த பின், அறை நண்பனின் ரேப் ரெக்கோடரில் ஓடிய ஓர் ஆங்கில ரொக் பாட்டையும் பதிந்து அனுப்பியிருந்தார். கிற்றார் உறுமும். ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். பிறகு ஒரு கூட்டமே சேர்ந்து பாடும். கூட்டம் தொடங்கச் சற்று முன் அண்ணை குறுக்கே புகுந்து, "அம்மா, இந்த இடத்தைக் கேளுங்கோ" என்பார். உள்ள பாட்டையும் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சல்.

எங்கள் பகுதியான மடத்துவெளிப் பெடியளுக்கு அந்தப் பாட்டில் பைத்தியம் பிடித்தது. எங்கள் வீட்டுக்கு வந்து திருப்பித் திருப்பிக் கேட்டு, சொல் விளங்காமலே பாடமாக்கினார்கள். வொலிபோலில் வென்றால் அதுதான் பாட்டு. கசெற்றில் கேட்டபடியே பாடமாக்கியதால், அண்ணை சொன்னதையும் ராகத்தோடு சேர்த்துக் கத்துவார்கள். அது பாட்டில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"உமக்கென்ன தெரியும்? உம்மட அண்ணை பாட்டோடைதானே சொல்லுறார்" என்றான் ஒருவன்.

பனியில் கார் வழுக்கி அண்ணை செத்துப்போன செய்தி கொழும்பு வழியாக வந்தது. உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகும் பெடியள் அந்தப் பாட்டைப் பாடவில்லை. ஒரு பின்னேரம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு நேரே வொலிபோல் திடலுக்குப் போனார்.

"ஏன் தம்பியவை இப்ப பாடுறேல்லை? பாடுங்கோ."

ஆளையாள் பார்த்துவிட்டுத் தொடங்கினார்கள். "அம்மா, இந்த இடத்தைக் கேளுங்கோ" என்று அத்தனை பேரும் சேர்ந்து சொன்னபோது அம்மா நிலத்தில் குந்திவிட்டார். நான் அழுதேன். அவர்கள் நிறுத்தாமல் பாடி முடித்தார்கள்.

தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கி மின்சாரம் நின்றது, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேப்பில் கொழுவி, பெடலைக் கையால் சுற்றித்தான் கசெற் கேட்டோம். வேகமாகச் சுற்றினால் அண்ணை சின்னப்பிள்ளையாகக் கதைப்பார். கை தளர்ந்தால் குரல் தடித்துக் கிழவனாகிவிடும்.

"மெதுவாச் சுத்து பிள்ளை" என்பார் அம்மா. "வயசு போனா எப்பிடிக் கதைப்பானெண்டு கேப்பம்."

 மெதுவாகச் சுற்றுவேன்.

அடுத்த வருடம் ஆமி வர, தீவை விட்டு ஓடிய அவசரத்தில் கசெற் ரேப்புக்குள்ளேயே கிடந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அகதியாக இருந்த காலமெல்லாம் அம்மா வீட்டை நினைத்தோ நகையை நினைத்தோ அழவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் அழுதார். பிறகு ஊருக்குப் போய்ப் பார்த்தபோது எங்கள் வீட்டில் கதவு நிலைகூட மிஞ்சியிருக்கவில்லை.

பாட்டு மட்டும் சாகவில்லை. கனடாவுக்கு வந்து பார்த்தால் அது எங்கும் இருக்கிறது. விளையாட்டு மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று பாடுகிறார்கள், கார் விளம்பரத்தில் வருகிறது, பக்கத்து வீட்டுப் பெட்டையின் பிறந்தநாளிலும் போட்டார்கள். அண்ணை போனபிறகு பிறந்ததுகள் எல்லாம் அதைத் தங்கள் பாட்டு என்கின்றன. அதற்கு வயதே போகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாரியில் ஒரு கடையில் அம்மா வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். மேலே எங்கோ அந்தப் பாட்டுத் தொடங்கியது. அம்மாவின் கை நின்றது.

"வாங்கோ அம்மா, போவம்."

"கொஞ்சம் பொறு பிள்ளை."

கிற்றார் உறுமியது. பாடுகிறவன் கத்தினான். அம்மா தலையை நிமிர்த்திக் காதைக் கொடுத்தபடி நின்றார். அந்த இடம் வந்தது. கூட்டம் பாடத் தொடங்கிவிட்டது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணையை விட்டிட்டுப் பாடுறாங்கள்" என்றார்.