எங்கள் மாதம், அவர்கள் மாதம்

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் தமிழ்ச் சபை கூடிய தேவாலயத்தின் வாசலில் இரண்டு பெயர்ப்பலகைகள் தொங்கின. இரண்டுமே பிரஸ்பிட்டேரியன் திருச்சபைகள்தான். மூப்பர்கள் கூடியிருந்து காரியங்களை நடத்துகிற முறையில் இரண்டுக்கும் பேதமில்லை. ஒன்று, கட்டடத்துக்குச் சொந்தமான ஆங்கிலேயர்களுடையது. மற்றது, ஜெர்மனியிலும் ஹொலண்டிலும் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த எங்கள் ஆட்கள் தங்களோடு கூட்டிவந்தது. அதற்குச் சட்டதிட்டம் கொஞ்சம் கூட. இரண்டில் எதை விடுவது என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கட்டடத்தை விட்டால் மழையில் நிற்க வேண்டும். மற்றவர்களை விட்டால் பாதி வாங்கில் இருக்க ஆளிருக்காது. ஆகவே இரண்டிலும் அங்கத்துவம் எடுத்தோம். ஒரே சபை, இரண்டு தலைமை. இரண்டாயிரத்து மூன்று, நான்கு அளவில் நடந்த கதை இது.

அங்கத்துவம் எடுத்த அன்றைக்குப் பெரிய கொண்டாட்டம். இரு பக்கத்துப் பெரியவர்களும் வந்து ஒரே கத்தியைப் பிடித்துக் கேக் வெட்டினார்கள். ஒற்றுமை, ஒற்றுமை என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். ரோல்ஸும் பற்றிஸும் பொரித்துப் பெண்கள் எங்களுக்குக் கை எரிந்தது. அந்தக் கேக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது.

பிரச்சினை நான்தான். ஆங்கிலேயர் பக்கத்தில் பெண்களும் மூப்பராகலாம். சில வருடங்களுக்கு முன்பே என் தலையில் கை வைத்து ஜெபித்து என்னை மூப்பராக்கியிருந்தார்கள். மற்றப் பக்கத்தில் அது கூடாது. கேக் வெட்டும்போது இது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பிறகு கூட்டம் போட்டார்கள். என்னைக் கதிரையில் இருத்திவைத்துக்கொண்டே, நான் அந்த அறையில் இல்லாததுபோல என்னைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு அப்பமும் திராட்சை ரசமும் பரிமாறுகிற திருவிருந்து. ஜனவரியில் ஆங்கிலேயர் முறைப்படி நடக்கும். நான் அப்பத் தட்டை ஏந்தலாம். பெப்ரவரியில் மற்றவர்கள் முறைப்படி நடக்கும். நான் இருக்கையில் இருக்க வேண்டும். மார்ச்சில் மறுபடி ஏந்தலாம். இப்படியே மாறி மாறி. ஒரு மாதம் நான் மூப்பர், அடுத்த மாதம் யாரோ ஒரு மனுசி.

இதில் அசிங்கம் என்னவென்றால், எந்த மாதமானாலும் சனிக்கிழமை பின்னேரம் திருவிருந்துக்கான பாணின் கரையை அரிந்து சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவது பெண்கள்தான். ஆராதனை முடிந்ததும் ரசம் ஊற்றிய குட்டிக் கிண்ணங்களைக் கழுவித் துடைப்பதும் பெண்கள்தான். அதற்கெல்லாம் மாதக் கணக்கில்லை.

அம்மா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சபை சொன்னால் சரி என்று வளர்ந்தவர். மற்றப் பக்கத்தாரின் முதல் மாதத்தில், பழக்கத்தில் நான் தட்டெடுக்க எழும்பிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"இண்டைக்கு அவையின்ர மாசம். இரு பிள்ளை."

இருந்தேன். முகம் கொதித்தது. அம்மாவும் இதற்குப் பழகிவிட்டார் என்பதுதான் எனக்கு ஆகச் சுட்டது.

அடுத்த குளிர்காலத்தில் அம்மா படுக்கையில் விழுந்தார். முன் அறையில் கவுன்சில் தந்த கட்டிலைப் போட்டு அங்கேயே வைத்துப் பார்த்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: கண் மூட முன்னம் ஒருதரம் திருவிருந்து எடுக்க வேண்டும். ஜனவரியின் முதல் ஞாயிறன்று அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வீட்டுக்கு வந்தபோது பெப்ரவரி பிறந்துவிட்டது. மார்ச் வரை தாங்க மாட்டார் என்று வீட்டுக்கு வருகிற நர்ஸ் சொல்லிவிட்டார். அம்மா என் கையால் கரண்டியில் ஊட்டினால் மட்டும் விழுங்குவார். வேறு யாரும் கிட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வார்.

ஆராதனையில் ஆசீர்வதித்த அப்பத்தையும் ரசத்தையும் நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டேன். எங்கள் போதகர் தமிழ்நாட்டுக்காரர், சண்டைக்குப் பயந்தவர்.

"ஒரு மாசம்தானேம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. மார்ச்ல நீங்களே கொண்டு போகலாம்."

சாகிறவளை ஒரு மாதம் பொறுக்கச் சொன்ன மனிதரின் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. கடைசியில் பிளேஸ்டோவில் கடை வைத்திருந்த மூப்பர் கொண்டுவருவதாக முடிவானது. பெண்கள் தட்டைத் தொடக் கூடாது என்று கூட்டத்தில் ஆகச் சத்தமாகப் பேசியவர் அவர்தான்.

அவர் வந்த நேரம் நான் அம்மாவைத் துடைத்து உடுப்பு மாற்றி முடித்திருந்தேன். ஜன்னல் திறந்திருந்தும் அறையில் மணம் போகவில்லை. அவர் கோட்டைக் கழற்றவில்லை. கதவு நிலையைத் தாண்டி உள்ளே கால் வைக்கவும் இல்லை. பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றே அவசர அவசரமாக ஜெபித்தார். பிறகு அப்பமும் ரசமும் இருந்த சின்னப் பெட்டியை என் பக்கம் நீட்டினார்.

"தங்கச்சி, நீங்களே குடுத்து விடுங்கோ."

"நான் குடுக்க ஏலுமோ அண்ணை?"

"அவசரத்துக்குப் பரவாயில்லை. வெளியிலை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்."

வேதத்தில் இருக்கிறது, மாற்ற ஏலாது என்று மேசையில் குத்திப் பேசிய அதே வாய். ஒரு கிழவியின் மூத்திர மணத்துக்கு முன்னால் அவருடைய சட்டம் அவ்வளவுதான். மாதக்கணக்காக அம்மாவின் மலத்தை அள்ளியும் வராத குமட்டல் எனக்கு அப்போது வந்தது. பெட்டியை அவர் முகத்திலேயே எறிந்திருப்பேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பத் துண்டை ரசத்தில் ஊறவைத்துக் கரண்டியில் எடுத்துக் கிட்டக் கொண்டுபோனேன். அம்மா வாயைத் திறக்கவில்லை. என் கையைப் பார்த்தார். வாசலில் நின்றவரைப் பார்த்தார். மறுபடி என் கையைப் பார்த்தார்.

"பிள்ளை, இது என்ன மாசம்?"

"அம்மாவுக்கு நினைவு தடுமாறுது போலை," என்றார் அவர் லேஞ்சிக்குள்ளால்.

அம்மாவின் நினைவில் ஒரு பிசகும் இல்லை. என் கையால் வாங்கினால் செல்லுமா என்றுதான் கேட்டார். என்னைப் பெற்ற அம்மா, சாகிற நேரத்தில், என் கையைப் பார்த்துக் கேட்டார். அதைக் கேட்க வைத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"மார்ச், அம்மா," என்றேன். "எங்கட மாசம்."

அம்மா வாயைத் திறந்தார்.