முஷ்னிக்கு வைக்காத கிண்ணம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். அடுப்புக்கு மேலே சுவரில் எட்டு ஆணிகள் இருக்கின்றன. மரக்கரண்டிகள் ஏழுதான். எண்ணிப் பாருங்கள்.

காகசஸ் மலையில் எங்கள் ஸ்வானேதிப் பள்ளத்தாக்குக்கு ஆட்கள் வருவது பழைய கல் கோபுரங்களையும் பனிச் சிகரங்களையும் பார்க்க. அவர்களைக் கணவாய் தாண்டி அழைத்துப்போவது என் கணவர் முஷ்னியின் வேலை. அக்டோபரில் ஒரு கூட்டத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார். வீடு வந்து சேரவில்லை. ஊரே பன்னிரண்டு நாள் தேடியது. ஒரு கையுறைகூடக் கிடைக்கவில்லை.

ஜனவரியில் லிபனாலி வந்தது. செத்தவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்து தங்கிப்போகும் நாட்கள். கத்திகளை ஒளித்து வைப்போம். கதவைத் தாழிட மாட்டோம். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிச் சூடாக ஒரு கிண்ணம் வைப்போம். அவர்கள் சாப்பிடுவது குழம்பை அல்ல, அதன் சூட்டை.

மாமனாருக்கு வைத்தேன். மாமியாருக்கு வைத்தேன். அங்கே என் கை நின்றுவிட்டது.

"முஷ்னிக்கு?" என்றாள் என் நாத்தனார் சியாலா.

"அவர் சாகல, அண்ணி."

"மூணு மாசமா பனிக்குள்ள என்ன, விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கானா? வை. என் தம்பி பசியோட நிப்பான்."

"வச்சா நானே கொன்ன மாதிரி."

"உன் பிடிவாதத்துக்கு அவன் வயிறுதான் கிடைச்சுதா?"

அவள் முகம் கொடுக்காமல் தன் வீட்டுக்குப் போனாள். ஒரே ஒரு கிண்ணம்தான். ஆனால் அதை வைத்துவிட்டால், காத்திருக்க எனக்கு எதுவும் மிச்சமில்லை.

அன்று வீட்டில் ஒரு விருந்தாளியும் இருந்தாள். தலைநகர் திபிலிசியிலிருந்து கோபுரங்களைப் படமெடுக்க வந்த நெஸ்தான். பாதை அடைபட்டுத் தங்கிவிட்டாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டபோது, "கணவாய்க்குப் போயிருக்கார், வந்துருவார்" என்று சொல்லியிருந்தேன். தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவளுக்காக அவரைக்கொட்டைக் குழம்பை அடுப்போரம் மூடி வைத்தேன்.

9:10. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து அறையில் படுத்தேன்.

9:40. வாசற்படியில் சத்தம்.

முஷ்னி உள்ளே வருமுன் பூட்ஸில் ஒட்டிய பனியை உதறுவார். இடது காலால் இரண்டு தட்டு, வலது காலால் ஒன்று. பதினாறு வருடமாக என் காதுக்குப் பழகியது.

டக்... டக்...

மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

கதவு முனகியது. நாய் குரைக்கவில்லை.

டக்... சத்... டக்... சத்...

ஒரு கால் பூட்ஸ். ஒரு கால் ஈரம்.

அடிகள் மேசையைச் சுற்றின. மாமனார் கிண்ணத்தருகே நின்றன. மாமியார் கிண்ணத்தருகே நின்றன. மறுபடி முதலிலிருந்து...

தேடுகிறார்.

9:52. பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். இந்த இரவில் கூப்பிட்டால்... அவர் செத்தவர் என்றாகிவிடும்.

போர்வையைக் கடித்துக்கொண்டேன்.

ஏதோ முணுமுணுப்பு. பிறகு, கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம்.

மெதுவாக...

வெகு நேரம்...

10:15. கதவு.

காலையில் நெஸ்தான் கேட்டாள்: "வீட்டுக்காரர் இன்னும் எழுந்திருக்கலையாக்கா?"

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"ராத்திரி தண்ணி குடிக்க வந்தேன். மேசைகிட்ட நின்னுட்டிருந்தார். 'எனக்கு வைக்கலையா'ன்னு கேட்டார். பாவமா இருந்துச்சு. என் கிண்ணத்தைக் குடுத்து, சுவத்துல இருந்து ஒரு கரண்டியும் எடுத்துக் குடுத்தேன். ஒரு கால்ல பூட்ஸே இல்லக்கா."

கிண்ணம் மேசையில் இருந்தது. குழம்பு ஒரு வாய்கூடக் குறையவில்லை. கல்லாக உறைந்திருந்தது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

எட்டாவது கரண்டியைக் காணவில்லை.

"பையைத் திற" என்றேன். வருகிறவர்கள் ஞாபகத்துக்கு எதையாவது எடுத்துப்போவது உண்டு. அழுதுகொண்டே திறந்து காட்டினாள். கரண்டி இல்லை. அப்படியும் அவளைத் திருடி என்றேன். அவள் திருடியாக இருந்தால் முஷ்னி உயிரோடு இருப்பார். எனக்கு அது வேண்டியிருந்தது.

ஜூனில் கிடைத்தார்.

கணவாய்க்குக் கீழே, பனிப்பாறைப் பிளவில், இரண்டு ஆள் ஆழத்தில். பனியை உடைத்துத்தான் எடுத்தார்கள். இறந்தது அக்டோபரிலேயே என்றார் மருத்துவர். வலது காலில் பூட்ஸ் இல்லை. வலது கை இறுக மூடியிருந்தது.

விரல்களுக்கு வெளியே ஒரு மரக்காம்பு. அதில் தீப்பட்ட கறுப்பு. கல்யாணமான புதிதில் நான் அடுப்பில் தவறவிட்ட கரண்டி அது. லிபனாலியன்று காலையில் எட்டையும் கழுவி மாட்டியது நான்தான்.

சியாலா எவ்வளவு முயன்றும் விரல்கள் பிரியவில்லை. அப்படியே புதைத்தோம்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு லிபனாலிக்கும் முதல் கிண்ணம் முஷ்னிக்குத்தான். பெயரைச் சத்தமாகச் சொல்லித்தான் வைக்கிறேன். விடிந்ததும் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். மற்ற கிண்ணங்களின் சூட்டைச் சாப்பிட்டிருப்பார்கள், சில்லிட்டிருக்கும்.

அது மட்டும், அடுப்பு அணைந்த அறையில், வைத்த சூடு ஆறாமல் அப்படியே இருக்கிறது.